ஒவ்வொரு கீயும் தனித்தனி: முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கறவங்களுக்கு ஒரு விளக்கம்

மெக்கானிக்கல் கீபோர்டுன்னு சொன்னதும் கலர் கலரா லைட் எரியற கேமிங் ஐட்டம்தான் நிறைய பேருக்கு ஞாபகம் வருது. ஆனா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்க பெரும்பாலும் ஒரு மெக்கானிக்கல் கீபோர்ட தெரியாமலே பாத்திருப்பீங்க, கேட்டும் இருப்பீங்க. பத்திர ஆபீஸ் பக்கத்துல டைப் அடிச்சு குடுக்கற கடையிலயோ, மொத்தக் கடை பில்லிங் கவுண்டர்லயோ கறுப்பா, கனமா, டக் டக்னு ஊருக்கே கேக்கற மாதிரி ஒரு கீபோர்டு இருக்குமே, டிவிஎஸ் கோல்டு, அதேதான். லைட்டும் கிடையாது ஸ்டைலும் கிடையாது, ஆனா உள்ள ரொம்ப வருஷமா இருந்தது செர்ரி கம்பெனியோட எம்எக்ஸ் ப்ளூ ஸ்விட்ச், அதாவது இன்னிக்கும் கீபோர்டு பைத்தியங்க பேரு சொல்லி பேசற ஸ்விட்ச். அதனால இது ஏதோ புதுசா வந்த பணக்கார பழக்கம்னு நினைக்க வேணாம், நாள் பூரா டைப் அடிச்சு சாப்புடறவங்க கையில இது எப்பவோ வந்தாச்சு.

சாதா கீபோர்டுக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம்னு முதல்ல பாத்துடுவோம், ஏன்னா இது ஒண்ணு புரிஞ்சுட்டா மத்த எல்லா கேள்விக்கும் பதில் அதுலேர்ந்தே வந்துடும். 400, 500 ரூபாய்க்கு வாங்கற கீபோர்ட கழட்டி பாத்தீங்கன்னா உள்ள மூணு பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும், மேல் ஷீட்லயும் கீழ் ஷீட்லயும் கரண்ட் போற கோடு பிரிண்ட் ஆகியிருக்கும், நடு ஷீட்ல ஓட்டை இருக்கும். அதுக்கு மேல ரப்பர் குமிழ். நீங்க கீய அழுத்தினா ரப்பர் நசுங்கி மேல் ஷீட்ட ஓட்டை வழியா கீழ் ஷீட்டோட தொட வைக்கும், எழுத்து விழும். மொத்த கீயும் ஒரே பாய்ல படுத்திருக்கற மாதிரிதான், ஒரு ஓரத்துல தண்ணி பட்டாலோ கோடு அறுந்தாலோ ஒரு வரிசையே செத்துப் போகும், சரி பண்ண வழியில்ல, தூக்கிப் போட வேண்டியதுதான். அதோட எழுத்து விழறது கிட்டத்தட்ட அடி வரைக்கும் போனாதான், அதனால விரல் ஒவ்வொரு தடவையும் போய் முட்டிட்டு வருது. ரப்பர் நாளாக நாளாக தொய்ஞ்சும் போகும், அதிகம் அடிக்கற கீ ஒரு மாதிரியும் அடிக்காத கீ வேற மாதிரியும் ஆயிடும்.

மெக்கானிக்கல்ல ஒவ்வொரு கீக்கும் கீழ தனி ஸ்விட்ச், அவ்வளவுதான் விஷயம். அந்த சின்ன டப்பாக்குள்ள ஒரு ஸ்பிரிங், மேல கீழ போற ஒரு பிளாஸ்டிக் தண்டு, பக்கத்துல ரெண்டு உலோகத் தகடு. தண்டு பாதி தூரம் இறங்கும்போதே தகடு ரெண்டும் தொட்டுக்கும், எழுத்து விழுந்துடும். செர்ரி எம்எக்ஸ் ரெட்னு ஒரு ஸ்விட்ச் வகைய எடுத்துக்கிட்டா மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுது. அடி வரைக்கும் போய் முட்டணும்னு அவசியம் இல்ல, பழகினவங்க கை பாதியிலயே திரும்பிடும். அதோட உலோக ஸ்பிரிங் ரப்பர் மாதிரி தொய்யாது. ரெட் ஸ்விட்ச் ஒண்ணு 10 கோடி தடவை அழுத்தினாலும் தாங்கும்னு செர்ரி சொல்லுது, ப்ளூவுக்கு 5 கோடி. இது கம்பெனி கணக்குதான், நம்ம ஊர் தூசிய எல்லாம் சேத்து போட்ட கணக்கு இல்ல, இருந்தாலும் ரப்பர் கீபோர்டோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்ப மேல.

விலை ஏன் கூடன்னும் இதுலேர்ந்தே புரியும். நூறு கீன்னா நூறு ஸ்விட்ச், ஒவ்வொண்ணுக்கும் ஸ்பிரிங், தகடு, எல்லாம் ஒரு சர்க்யூட் போர்டுல உக்காரணும். இந்த ஸ்விட்ச் டிசைன் 1980கள்ல வந்தது, ரொம்ப நாள் செர்ரி மட்டும்தான் பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் பேட்டன்ட் காலம் முடிஞ்சதும் சீனாவுல கேட்டரான், கைல், அவுட்டெமுன்னு நிறைய பேர் அதே அச்சுல பண்ண ஆரம்பிச்சாங்க. விலை இறங்கினதுக்கு முக்கிய காரணம் அதுதான். இன்னிக்கு 2,000லேர்ந்து 3,000 ரூபாய்க்குள்ள தினசரி வேலைக்கு தாராளமா போதற ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிடலாம். காப்பின்னா மட்டம்னு நினைச்சுக்காதீங்க, கேட்டரான் ஸ்விட்ச் சிலது செர்ரிய விட வழுவழுன்னு இறங்கும்னு சொல்றவங்க நிறைய பேர், நானும் அந்தக் கட்சிதான்.

இப்ப தேர்ந்தெடுக்கற விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் ரெட்டா ப்ளூவான்னுதான் ஆரம்பிக்கறாங்க, என்ன கேட்டா அது ரெண்டாவது. முதல்ல சைஸ முடிவு பண்ணுங்க, ஏன்னா ஸ்விட்ச பின்னாடி மாத்திக்கலாம், இல்லாத கீய பின்னாடி ஒட்ட வைக்க முடியாது.

முழு சைஸ்னா 104 கீ, வலது பக்கம் நம்பர் பேட் இருக்கும். டேலி போடறவங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாக்கறவங்க, மாம்பழ சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஃபேக்டரிக்கு வர்ற லோடு கணக்க ராத்திரி வரைக்கும் ஏத்தறவங்க, கிரானைட் யார்டுல சைஸும் ரேட்டும் போட்டு பில் அடிக்கறவங்க, நீங்க யாரும் வேற எதையும் யோசிக்கவே வேணாம், நம்பர் பேட் இல்லாத கீபோர்டு உங்களுக்கு தண்டனை. நம்பர் பேட் மட்டும் எடுத்துட்டா டிகேஎல்னு சொல்ற 87 கீ, மவுசுக்கு இடம் கிடைக்கும், மத்த எல்லா கீயும் அதது இடத்துலயே இருக்கும், சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுதான் சிக்கல் இல்லாத சைஸ். 75% சைஸ்னா அதையே நெருக்கி அடுக்கினது, லேப்டாப்லேர்ந்து வர்றவங்களுக்கு டக்குனு பழகிடும். 65%ல மேல இருக்கற எஃப்1 எஃப்2 வரிசை போயிடும், 60%ல அம்புக்குறி கீயும் போயிடும், எல்லாத்துக்கும் எஃப்என் கீய சேத்து அழுத்தணும். பாக்க அழகா இருக்கு, விலையும் கம்மியா இருக்குன்னு முதல் கீபோர்டா 60% வாங்கறாங்க, எக்செல்ல ஒரு செல்லேர்ந்து பக்கத்து செல்லுக்கு போக ரெண்டு கீ அழுத்தணும்னு அப்புறம்தான் தெரியுது. முதல் கீபோர்டுக்கு அது வேணாம்னு நான் உறுதியா சொல்வேன்.

இதுல தமிழ் டைப் பண்றவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ் வீடியோ எதுலயும் இத சொல்ல மாட்டாங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு அப்புறம் அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 கீபோர்டு முறையில உயிர் எழுத்து எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. இங்கிலீஷ்ல அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு, சாய்கோடு வர்ற கீயிலதான் ந, ய, ச, ஞ, ழ எல்லாம் இருக்கு. இங்கிலீஷ்காரனுக்கு எப்பவாவது தேவைப்படற கீ நமக்கு ஒவ்வொரு வரியிலயும் தேவை. அதனால 40% மாதிரி ரொம்ப குட்டி சைஸ்ல அந்த கீ எல்லாம் காணாம போயிருந்தா தமிழ்99க்கு அது ஒத்தே வராது. இன்னொண்ணு, இந்த எழுத்தோட ண வையும் சேத்து எல்லாமே வலது கை சுண்டு விரல் தலையில விழுது, இருக்கறதுலயே பலம் கம்மியான விரல். அதனால பக்கம் பக்கமா தமிழ் அடிக்கறவங்க லேசான ஸ்பிரிங் இருக்கற ஸ்விட்சா பாருங்க, 60 கிராம் எடை கேக்கற ஸ்விட்சுக்கும் 45 கிராம் ஸ்விட்சுக்கும் உள்ள வித்தியாசம் சாயங்காலம் அந்த விரல்ல தெரியும். இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சு தமிழ் வரவைக்கறவங்களுக்கு வேற பிரச்சினை, ள, ண, ற வுக்கெல்லாம் ஷிஃப்ட் அழுத்திட்டே இருக்கணும், அவங்க ஷிஃப்ட் கீ நல்ல நீளமா இருக்கான்னு பாக்கணும், சின்ன கீபோர்டுல வலது ஷிஃப்ட குட்டியாக்கிடுவாங்க.

சரி, ஸ்விட்ச். வகை மூணுதான், கலர் பேரு நூறு இருந்தாலும். லீனியர்னா மேலேர்ந்து கீழ வரைக்கும் வழுக்கிட்டு போகும், நடுவுல எதுவும் தட்டாது, ரெட், பிளாக் எல்லாம் இது. டேக்டைல்னா நடுவுல ஒரு சின்ன மேடு விரலுக்கு தட்டும், எழுத்து விழுந்துடுச்சுன்னு கைக்கு தெரியும், பிரவுன் இந்த வகை, ஆனா செர்ரி பிரவுன்ல அந்த மேடு ரொம்ப லேசு, சில பேருக்கு இருக்கறதே தெரியாது. க்ளிக்கின்னா மேடும் இருக்கும் கூடவே டிக்குனு சத்தமும் வரும், ப்ளூ. அழுத்த தேவைப்படற பலம் செர்ரி கணக்குல ரெட்டுக்கு 45, பிரவுனுக்கு 55, ப்ளூவுக்கு 60 சென்டிநியூட்டன், கிட்டத்தட்ட அத்தன கிராம்னே வச்சுக்கோங்க. கலர் பேரெல்லாம் செர்ரி வச்சது, மத்த கம்பெனிங்க ரெட், ப்ளூ, பிரவுன் வரைக்கும் பெரும்பாலும் அதே அர்த்தத்துல வைப்பாங்க, அதுக்கு மேல மஞ்சள், ரோஸ்னு வந்தா கம்பெனிக்கு கம்பெனி மாறும், அட்டையில எழுதியிருக்கற வகையையும் எடையையும் படிச்சு பாத்துதான் வாங்கணும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர் முடிச்சவங்க நம்ம மாவட்டங்கள்ல ஏகப்பட்ட பேர், குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்காகவே படிச்சவங்க. அந்த மிஷின்ல பழகின கைக்கு கீ எதிர்த்து நிக்கணும், விழுந்துச்சுன்னு ஒரு பதில் வரணும், அவங்களுக்கு லீனியர குடுத்தா கை வச்சாலே எழுத்து விழுதுன்னு சொல்வாங்க. அவங்களுக்கு டேக்டைல், தனி ரூம் இருந்தா க்ளிக்கி. லேப்டாப் கீயில பழகினவங்களுக்கு நேர் எதிர், அங்க கீ ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர்தான் இறங்கும், இங்க 4, லேசான லீனியரோ லேசான டேக்டைலோதான் சுலபமா பழகும்.

சத்தத்த பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், வாங்கினவங்க வீட்ல சண்டை வர்றது இதுக்குத்தான். ஓசூர்ல உக்காந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பாக்கறவங்க நிறைய பேருக்கு தனி ஆபீஸ் ரூம்லாம் கிடையாது, ஹால்ல ஒரு ஓரம், பக்கத்துல குழந்தை தூங்கும், ராத்திரி 9 மணிக்கு மீட்டிங். அங்க ப்ளூ ஸ்விட்ச் போட்டு உக்காந்தா வீட்ல இருக்கறவங்களுக்கும் கஷ்டம், மைக்ல கேக்கற எதிராளிக்கும் கஷ்டம். ப்ளூவோட அந்த டிக் சத்தம் ஸ்விட்சுக்குள்ளயே பிறக்குது, நீங்க எவ்வளவு மெதுவா அடிச்சாலும் வரும். ரெட், பிரவுன்ல வர்ற சத்தம் கீ அடியில முட்டற சத்தம், மேல திரும்பி வந்து முட்டற சத்தம், மெதுவா அடிச்சா குறையும், கீழ ஒரு டெஸ்க் மேட் போட்டா இன்னும் குறையும். சைலன்ட்னு போட்ட லீனியர் ஸ்விட்சும் கிடைக்குது, முட்டற இடத்துல உள்ளயே ரப்பர் மாதிரி மெத்தை வச்சிருப்பாங்க, ஹால்ல வேலை பாக்கறவங்களுக்கு அத தாராளமா சொல்வேன். யூட்யூப் சவுண்ட் டெஸ்ட நம்பி வாங்காதீங்க, மைக் எங்க இருக்கு, டேபிள் மரமா கண்ணாடியா, எல்லாத்தையும் பொறுத்து சத்தம் மாறும். ஒரு ப்ளூ எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க பக்கத்துல டிவிஎஸ் கோல்டு வச்சிருக்கற கடையில ரெண்டு வரி அடிச்சு பாத்துட்டு வாங்க, அதுதான் நம்ம ஊர் சாம்பிள். மத்த ஸ்விட்ச தொட்டு பாக்கணும்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி கடையில வெளிய எடுத்து வச்சிருக்கறது அபூர்வம், பெங்களூர்ல கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கற எஸ்பி ரோடு பக்கம் போற வேலை இருந்தா அங்க சில கடையில தொட விடுவாங்க.

இப்ப ஸ்விட்ச பின்னாடி மாத்திக்கலாம்னு சொன்னேன்ல, அதுக்கு கீபோர்டு ஹாட் ஸ்வாப்பா இருக்கணும். பழைய முறையில ஸ்விட்ச சர்க்யூட் போர்டோட சேத்து சால்டரிங் பண்ணியிருப்பாங்க, ஹாட் ஸ்வாப்ல சாக்கெட்ல சொருகியிருப்பாங்க, கூட குடுக்கற சின்ன இடுக்கிய வச்சு புடுங்கிட்டு வேற சொருகிக்கலாம். முதல் தடவை வாங்கறவங்களுக்கு நான் விட்டுக்குடுக்காம சொல்ற ஒரே விஷயம் இதுதான். உங்க கைக்கு எது புடிக்கும்னு இப்ப உங்களுக்கே தெரியாது, வாங்கி மூணு மாசம் அடிச்சாதான் தெரியும், அப்ப ஸ்விட்ச மட்டும் மாத்திக்கிட்டா போதும், கீபோர்டே மாத்த வேணாம். ரிப்பேருக்கும் இதுதான் கை குடுக்கும். தூசி போய், இல்ல தகடு கறுத்து, ஒரு தடவை அழுத்தினா ரெண்டு எழுத்து விழற வியாதி மெக்கானிக்கல்ல வரும், ஹாட் ஸ்வாப்னா அந்த ஒரு ஸ்விட்ச மாத்தினா தீந்துது, நம்ம பக்கம் இந்த வேலைக்குன்னு சர்வீஸ் சென்டர் தேடி சேலமோ பெங்களூரோ அலைய வேணாம். வாங்கும்போது ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க: சாக்கெட் 3 பின்னா 5 பின்னா, அப்புறம் எல்லா கம்பெனி ஸ்விட்சும் ஏத்துக்குமா. 5 பின் சாக்கெட்ல ரெண்டு வகையும் போகும், 3 பின் போர்டுல 5 பின் ஸ்விட்ச் போடணும்னா அதுல கூடுதலா இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் காலையும் வெட்டணும். விலை கம்மியான சில போர்டுல அவுட்டெமு ஸ்விட்ச் மட்டும்தான் சேரும், அதோட பின் மெல்லிசு, ஓட்டையும் அதுக்கு ஏத்த மாதிரி சின்னது.

கீகேப்புல, அதாவது விரல் படற மேல் மூடியில, ரெண்டு வகை பிளாஸ்டிக், ஏபிஎஸ், பிபிடி. ஏப்ரல் மே மாச வெயில்ல விரல் வேர்த்து வேர்த்து அடிக்கும்போது ஏபிஎஸ் சீக்கிரம் எண்ணெய் தடவினா மாதிரி பளபளன்னு ஆயிடும், பிபிடி கொஞ்சம் சொரசொரப்பாவே இருக்கும், முடிஞ்சா பிபிடி. எழுத்து டபுள் ஷாட்னா அழியவே அழியாது, ஏன்னா அது பிரிண்டே இல்ல, ரெண்டு கலர் பிளாஸ்டிக்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு வார்த்தது. தமிழ் எழுத்து போட்ட கீகேப் தேடி அலையறத விட ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், ஒரு மாசத்துல அதையும் பாக்காம அடிப்பீங்க.

வயர்லெஸ் வேணுமான்னா, கீபோர்டு டேபிள விட்டு நகராதுன்னா வயரே போதும், அதுல மிச்சமாகற காசுக்கு நல்ல ஸ்விட்ச் கிடைக்கும். ப்ளூடூத் வேணும்னா லைட்ட அணைச்சு வச்சு ஓட்டுங்க, பேட்டரிய குடிக்கறதே அந்த லைட்தான். கீய நம்ம இஷ்டத்துக்கு மாத்தி வைக்கற சாஃப்ட்வேர் வசதி இருந்தா அது லைட்ட விட ஆயிரம் மடங்கு உபயோகம், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அழுத்தி தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாறிட்டே இருக்கறவங்க அந்த வேலைய சும்மா கெடக்கற கேப்ஸ் லாக்குக்கு குடுத்துடலாம்.

மணிக்கட்டு வலி போயிடும்னு யாராவது சொல்லி விற்றா நம்பாதீங்க. இந்த கீபோர்டு உயரம் ஜாஸ்தி, முன்பக்கமே கிட்டத்தட்ட 2 செ.மீ. வரும், டேபிள் உயரமா இருந்து கை மேல் பக்கமா மடங்கி உக்காந்தா வலி கூடத்தான் செய்யும். கீபோர்டுக்கு அடியில பின்பக்கம் இருக்கற குட்டிக் காலை மடக்கி வச்சு, உள்ளங்கைக்கு கீழ ஒரு கட்டையோ ரெஸ்டோ போட்டு, நாற்காலி உயரத்த சரி பண்ணுங்க. வேகம் கூடும்னு சொல்றதும் அப்படித்தான், வேகம் விரல் பயிற்சியில வர்றது, கீபோர்டு குடுக்கறது ஒரே மாதிரியான, நம்பகமான அடி, நாள் பூரா அடிக்கறவங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

தூசி, டீ ரெண்டுக்கும் இது பயப்படும். ஹைவே ஓரமோ கிரானைட் பட்டறை பக்கமோ வீடு, கடை இருந்தா வேலை முடிஞ்சதும் ஒரு துணி போட்டு மூடுங்க, மாசத்துக்கு ஒரு தடவை கவுத்து தட்டி பிரஷ் போடுங்க, கீகேப்ப கழட்டி சோப்புத் தண்ணில கழுவி நல்லா காய வச்சு மாட்டலாம், ஸ்விட்சுக்கு மட்டும் தண்ணி ஆகாது. டீ கொட்டிட்டா முதல் வேலை வயர புடுங்கறது, அப்புறம் கவுத்து வச்சு வடிய விட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, முழுசா காஞ்சப்புறம்தான் சொருகணும். துரு எடுக்கற ஸ்ப்ரே எண்ணெய எல்லாம் ஸ்விட்சுக்குள்ள அடிக்காதீங்க, தூசி வந்து ஒட்டிக்கும்.

ஆன்லைன்ல வாங்கினா பிரிக்கறத ஃபோன்ல வீடியோ எடுத்துக்கோங்க, ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள கீ டெஸ்டர் வெப்சைட் ஒண்ண திறந்து வச்சு எல்லா கீயையும் ஒவ்வொண்ணா அழுத்தி பாருங்க, ரெட்டை எழுத்து விழுதான்னும் பாருங்க. ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர் மூணையும் ரெண்டு ஓரத்துலயும் தட்டி பாருங்க, நீளமான கீக்கு அடியில ஒரு கம்பி இருக்கும், விலை கம்மியான கீபோர்டுல அதுதான் லொடலொடன்னு ஆடும். லேசா ஆடினா கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வச்சா அடங்கிடும், ஸ்பேஸ் ஒரு பக்கம் அழுந்தி மேல வராம நின்னா அத வச்சுக்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க.